பொழுதடைந்த பின் பொதிகைக்கு மேலே

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைத்தொடரில், அகஸ்தியரின் பெயரைத் தாங்கி நிற்கும் கூம்பு வடிவச் சிகரத்தின்மீது, கடல்மட்டத்திற்கு 6,000 அடிக்கும் மேலான உயரத்தில், நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு காந்த ஆராய்ச்சிக் கூடம் இருந்தது என்று சொன்னால், அந்த நதியின் படித்துறைகளில் அன்றாடம் முங்கி எழுகிறவர்களில் பலர் நம்பத் தயங்குவர். திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்திற்கு 1852 முதல் 1865 வரை தலைவராக விளங்கிய ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காத்லாந்து தேசத்து விஞ்ஞானி, அட்டைகளும் யானைகளும் ஆட்சி புரியும் வனத்தின் ஊடே கருவிகளைச் சுமக்கச் செய்து அந்தச் சிகரத்துக்கு ஏற்றி, அங்கே தொங்கவிட்ட காந்தம் எந்தத் திசையை நோக்குகிறது என்பதை ஓயாமல் குறித்துவர ஏற்பாடு செய்தார்; கீழே திருவனந்தபுரத்திலும் அதே வேலை நடந்துவந்தது. அந்தக் குறிப்புகள் 1874-இல் பெரும் நூலாக அச்சேறின; அதைப் புரட்டுகிறவனுக்குப் பத்தி பத்தியாக எண்களே தென்படும். காந்தங்களின் அன்றாட நடத்தையோ, எண்களை விட்டுவிட்டுச் சொன்னால், மிக எளியது: பொழுது விடிந்ததும் காந்தம் மெல்ல ஒரு பக்கம் ஒதுங்குகிறது, நண்பகலையொட்டித் திரும்புகிறது, பொழுதடைந்துவிட்டாலோ, உண்டு முடித்துத் திண்ணையில் சாய்ந்தவனைப்போல ஏறக்குறைய அசைவற்றுக் கிடக்கிறது.

பகலில் அதை அசைத்தது எது, இரவில் அதை அசையாமல் விட்டது எது என்ற வினாவுக்கு விடையாக, 1882-இல் பால்ஃபர் ஸ்டூவர்ட் என்ற பௌதிக ஆசிரியர் ஓர் ஊகத்தை வெளியிட்டார். வாயுமண்டலத்தின் மேற்படலங்களில் மின்சாரம் பாய்கிறது என்பதும், காந்த ஊசியைத் தொட்டு அசைப்பது அதுவே என்பதும் அவருடைய அபிப்பிராயம். காற்று மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளிப் பிள்ளையும் அறிந்திருந்த காலத்தில் அவ்வாறு சொல்லத் துணிவு வேண்டும். அவர் ஊகித்த பிரதேசத்தைத்தான் இன்று அயனி மண்டலம் என்கிறோம். சூரியனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அறுபது கிலோமீட்டருக்கு மேலுள்ள மெல்லிய காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிகின்றன; பிய்க்கப்பட்ட எலக்ட்ரான்கள் சுதந்திரமாக உலவுவதால் அங்கே மின்சாரம் ஓட வழி ஏற்படுகிறது. ஒரு கன சென்டிமீட்டரில், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டியளவு இடத்தில், எத்தனை எலக்ட்ரான்கள் திரிகின்றன என்பதே எலக்ட்ரான் அடர்த்தி எனப்படும். முந்நூறு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டிய எஃப் படலத்தில் பகல் வேளையில் இது சுமார் 10 லட்சம். நூறு, நூற்றுப்பத்து கிலோமீட்டரில் உள்ள ஈ படலத்தில் ஒரு லட்சத்தைச் சுற்றி. அதற்கும் கீழே டி படலத்தில் வெறும் சில நூறுகள். பத்து லட்சம் என்பது பெரிய தொகையாகத் தோன்றினாலும், அந்த உயரத்தில் அதே சர்க்கரைக் கட்டி இடத்தில் முழு அணுக்கள் நூறு கோடி அளவுக்கு இருப்பதால், ஆயிரத்தில் ஒன்றுதான் எலக்ட்ரானை இழந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

இந்தத் தொகைகள் சூரியன் மறைந்த பின், அதிலும் குளிர்கால இரவுகளில், என்ன ஆகின்றன என்பதே இக்கட்டுரையின் விஷயம். விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போவதுபோல எலக்ட்ரான்களும் போய்விடும் என்று எண்ணுவது இயல்பு. அதைவிடத் தாமிரபரணிப் பாசனத்தை நினைத்துக்கொள்வது உசிதம் என்பேன். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும் எட்டு அணைக்கட்டுகளிலிருந்தும் பிரியும் கால்வாய்கள் எத்தனையோ குளங்களை நிரப்புகின்றன; கால்வாயை அடைத்த அன்றே எந்தக் குளமும் வற்றிவிடுவதில்லை. அது எத்தனை நாள் தாங்கும் என்பது, அதன் ஆழத்தையும், மடை வழியே போகும் நீரையும், மண் குடிப்பதையும், மேல்குளத்து மறுகால் தண்ணீர் வந்து சேர்கிறதா என்பதையும் பொறுத்தது. பிசானம் நட்டவன் ஒவ்வொருவனும் தை மாதத்தில் வரப்பில் நின்று மனக்கணக்காகப் போடும் இதே வரவு செலவைத்தான், அயனி மண்டல ஆராய்ச்சியாளர்கள் ஒரு சமன்பாடாக எழுதிவைத்திருக்கிறார்கள். சூரியன் தருவது வரவு. எலக்ட்ரான் மறுபடி அயனியோடு கூடி மறைவது செலவு. காற்றும் மின்புலமும் அதை இடம் பெயர்ப்பது மடையும் மறுகாலும்.

கீழ்க்குளங்கள் ஆழமற்றவை. டி படலத்தில் காற்று அடர்த்தி மிகுதியாதலால், பிரிந்த எலக்ட்ரானுக்குச் சேரும் இடம் கிடைக்க அதிக நேரம் ஆவதில்லை. அந்திக்குள் அது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. ஈ படலத்தில் ஒரு லட்சம் இருந்த இடத்தில் சில ஆயிரங்களே எஞ்சுகின்றன. ஓடுவதற்கு எலக்ட்ரான் இல்லாதபோது மின்சாரம் ஏது? பிரௌனின் காந்தம் இரவில் உறங்கியதற்கு இதுவே காரணம்.

இந்தச் செய்தியை நம் ஊர்க்காரர்கள் புத்தகம் படிக்காமலே அறிந்திருந்தார்கள் என்பதற்கு என் வீடே சாட்சி. ஆற்றுக்குத் தென்கரையில் இருந்த எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு வால்வு ரேடியோ உண்டு. கொல்லைத் தென்னையிலிருந்து மச்சுக்கு இழுத்துக் கட்டிய கம்பிதான் அதன் ஏரியல். பகலில் நான் குமிழைத் திருகித் திருகிச் சென்னையைத் தேடும்போதெல்லாம், "எல, பொழுதடையட்டும், தூரத்துக்காரன் அப்பந்தான் வாயத் தெறப்பான்" என்பார் அவர். அப்படியே நடக்கும். மத்திய அலையைப் பகலெல்லாம் விழுங்கிவிடுவது டி படலம். அது கரைந்த பின், அலை மேலே சென்று எஞ்சிய படலங்களில் பட்டுத் திரும்பி, பல நூறு மைல் தாண்டி இறங்குகிறது. ரேடியோவின் நெற்றியில் பச்சை நிறத்தில் ஒளிரும் மாயக்கண் ஒன்று இருந்தது. ஒலி பலமாக வந்தால் அதன் இமைகள் சேரும், தேய்ந்தால் விரியும். மார்கழி இரவில் தூரத்து நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு அந்தக் கண்ணையே பார்த்திருந்தால், பாட்டு பொங்கித் தணிவதற்கு ஏற்ப அது மூடியும் திறந்தும் மூச்சு விடுவதுபோல இருக்கும். வேறு வேறு வழியாகத் திரும்பிவந்த அலைகள் ஒன்றோடொன்று கூடுவதும் முரணுவதுமே அந்த மூச்சு என்றும், முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு படலம் ஏறி இறங்குவதைத்தான் நான் அன்று தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்தேன் என்றும் வெகுகாலம் கழித்தே எனக்கு விளங்கிற்று.

மேல்குளமான எஃப் படலத்தின் கதை வேறு. அங்கே இருப்பவை பெரும்பாலும் ஆக்ஸிஜன் அணு அயனிகள். அவை எலக்ட்ரானோடு நேரே கூடுவது அபூர்வம். நைட்ரஜன், ஆக்ஸிஜன் மூலக்கூறு ஏதேனும் ஒன்று நடுவில் வந்து தரகு செய்து, அயனி நிலையைத் தான் வாங்கிக்கொண்டால்தான், எலக்ட்ரான் அந்த மூலக்கூறு அயனியோடு மோதிக் கூடி மறையும். மேலே செல்லச் செல்ல மூலக்கூறுகள் அருகிவிடுகின்றன. தரகர் இல்லாத சந்தையில் பேரம் படியாது. ஆகவே எஃப் படலம் மணிக்கணக்கில் தாங்குகிறது.

இப்படி இரண்டு குளங்கள் இருப்பதைக் கண்டுபிடித்ததே ஒரு குளிர்கால இரவின் கொடை என்பதைச் சொல்லாமல் விடலாகாது. 1924 டிசம்பரில், இங்கிலாந்தின் போர்ன்மத் நகரத்து ஒலிபரப்பு நிலையம் தன் நிகழ்ச்சிகளை முடித்த பிறகு, எட்வர்ட் ஆப்பிள்டன், மைல்ஸ் பார்னெட் என்னும் பௌதிக விஞ்ஞானிகள் இருவர் அதன் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, ஆக்ஸ்ஃபோர்டில் அமர்ந்து ஒலியின் ஏற்றத் தாழ்வை எண்ணி, அலையைத் திருப்புகிற படலம் இருப்பதையும் அது சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதையும் நிரூபித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1926-27 குளிர்காலத்தில், விடியலுக்குச் சற்று முந்தைய வேளையில் ஆப்பிள்டன் மற்றொன்றைக் கவனித்தார். நீண்ட இரவு முழுதும் செலவே செய்து வரவில்லாமல் இளைத்துப்போன அந்தக் கீழ்ப்படலத்தை ஊடுருவி அலை மேலே சென்றது. சென்றது காணாமற்போகாமல், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து திரும்பி வந்தது. கீழ்க்குளம் வற்றியபோது மேல்குளம் கண்ணுக்குப் பட்டது. 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லண்டன் போன்ற ஊர்களில் டிசம்பர் இரவு பதினாறு மணி நேரம். அத்தனை நேரம் வரவின்றி இருந்தும் அங்கே எஃப் படலம் அற்றுப்போவதில்லை என்பதோடு, சில குளிர்கால இரவுகளில் நள்ளிரவுக்கு மேல் எலக்ட்ரான் அடர்த்தி கூடவும் செய்கிறது என்பது விஞ்ஞானிகளைப் பல காலம் திகைக்கவைத்தது. சூரியனே இல்லாதபோது வரவு எங்கிருந்து? விடை, மேல்குளத்துக்கும் மேலே ஒரு பெருங்குளம் இருப்பதில் இருக்கிறது. பூமியின் காந்தக் கோடுகள் அந்த அட்சரேகைகளில் சாய்வாக எழுந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உயரம் வளைந்து சென்று மறு கோளார்த்தத்தில் இறங்குகின்றன. பகலில் எலக்ட்ரான்களும் ஹைட்ரஜன் அயனிகளும் அக்கோடுகளின் வழியே ஏறி அங்கே சேமிப்பாகின்றன. இரவில் அந்தச் சேமிப்பு அதே வழியாக இறங்கி எஃப் படலத்துக்கு வந்து சேர்கிறது. மேலும், துருவப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டை நோக்கி இரவில் வீசும் காற்று, சாய்ந்த காந்தக் கோடுகளின்மீது படலத்தை ஏணியில் ஏற்றுவதுபோல உயர்த்தித் தரகர்கள் எட்டாத இடத்தில் வைத்துக் காப்பாற்றுகிறது.

நம் திருநெல்வேலிக்கு இந்தச் சலுகைகள் இரண்டும் இல்லை. இங்கே குளிர்காலம் என்பதே உபசாரமாகச் சொல்வது. மார்கழியில் இரவு பகலைவிட நீளுவது முக்கால் மணி நேரம்தான். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால், ஜூலையில் கிடைப்பதைவிட ஏழு சதவிகிதம் மிகுதியான சூரிய சக்தி பூமியின்மேல் விழுகிறது. நம் வானத்தை மற்ற வானங்களிலிருந்து வேறுபடுத்துவது குளிரும் நெடிய இருளும் அல்ல, காந்த நடுக்கோடு. காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் தராசு முள்போலப் படுத்திருக்கும் அந்தக் கோடு, தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரத்தருகே தும்பா என்ற மீனவர் கிராமத்தை விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட்டை அனுப்பியதும் இந்தக் கோட்டை முன்னிட்டே. அதே ஆண்டு டிசம்பரில்தான் திருநெல்வேலி வானொலி நிலையமும் பேசத் தொடங்கிற்று. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரே வானத்தை ஒரு பக்கம் வினவவும் மறுபக்கம் பயன்படுத்தவும் தொடங்கிய அந்தச் சில நாட்களைச் சேர்த்து நினைப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

காந்தக் கோடுகள் நம் தலைக்குமேல் தரைக்கு இணையாக, வடக்கு தெற்காகக் கிடக்கின்றன. படுத்த ஏணியில் ஏற முடியாது. எனவே காற்று எவ்வளவு வீசினாலும் படலத்தை உயர்த்த இயலாது. கோடுகள் இங்கே உயர எழாமல் கிடப்பதால், லண்டனுக்கு உள்ளதுபோல் அவற்றின் வழியே வடிந்துவரும் பெருங்குளமும் இல்லை. நம் எஃப் படலத்தை ஏற்றவும் இறக்கவும் வல்லது கிழக்கு மேற்காக நிற்கும் மின்புலம் ஒன்றே. பகலில் அது கிழக்கு நோக்கி நின்று எலக்ட்ரான்களை மேலே தள்ளுகிறது. தள்ளப்பட்டவை ஊற்றுநீர்போல எழுந்து இரு பக்கமும் காந்தக் கோடுகளின்மேல் சரிந்து வடக்கேயும் தெற்கேயும் போய் விழுகின்றன. வடக்கே குஜராத், மத்தியப் பிரதேச வானங்களில் எலக்ட்ரான் செழித்திருப்பது நம் வானத்து வாரிசுச் சொத்தினால்தான் என்று சொன்னால் பெரிய மிகையாகாது. மாலை விளக்கேற்றும் நேரத்தில் அந்த மின்புலம், அணையும் சுடர் குதித்து எரிவதுபோல ஒருமுறை பலமாக ஓங்கி, படலத்தைச் சட்டென்று உயர்த்திவிட்டு, பிறகு மேற்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. அதன்பின் இரவு முழுதும் இறக்கம்தான். படலம் தரகர்கள் நிறைந்த கீழ்க்காற்றுக்குள் மெல்ல மெல்ல இறக்கப்பட்டு, நள்ளிரவு தாண்டித் தேய்ந்து, விடியலுக்கு முன் மிக அடிமட்டத்தை எட்டுகிறது. பகலில் பத்து லட்சம் இருந்தது ஒரு லட்சமாகவும், சூரியனில் புள்ளிகள் அருகிய ஆண்டுகளில் அதற்கும் கீழாகவும் இளைக்கிறது.

அந்தி வேளையின் அந்தக் குதிப்பு மார்கழியில் சற்று அடக்கமானது. பங்குனியிலும் ஐப்பசியிலும்தான் அது உச்சம். சூரியாஸ்தமனக் கோடு காந்த வடக்கோடு ஒத்துப்போகும் மாதங்கள் நமக்கு அவையே. காந்த ஊசி மேற்கே வெகுவாகத் திரும்பிநிற்கும் பிரேசில் தேசத்திலோ டிசம்பர் மாதமே உச்சகாலம். பலமாக உயர்த்தப்பட்ட படலத்தின் அடிப்பகுதி நிலைகுலைந்தால், எண்ணெய்க்குள் காற்றுக் குமிழி எழுவதுபோல, எலக்ட்ரான் வறண்ட குமிழிகள் அதைத் துளைத்துக்கொண்டு மேலே கிளம்புகின்றன. அவற்றின் ஊடே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நட்சத்திரம்போல மினுக்குகிறது; கைபேசியில் வழி கேட்கிறவன் இரண்டொரு தெரு தள்ளி நிற்பதாகக் காட்டப்பட்டால் சிரித்துவிட்டுப் போகலாம், விமானத்தை இறக்குகிறவன் அப்படிச் சிரிக்க முடியாது.

இவற்றையெல்லாம் காவல் காத்து வருகிற இடம் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம். வேங்கடாசலபதி கோயிலின் சிற்பங்களைக் காண வருகிறவர்கள், தசையும் நரம்பும் தெறிக்க நிற்கும் கல் வீரர்களை வியந்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே ஊரில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று, வெட்டவெளியில் கம்பங்களும் கம்பிகளுமாக நிற்பதை அறிந்தவர் சிலரே. 1992 முதல் அங்கே இயங்கிவரும் ராடார், 1.98 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது நூற்றைம்பது மீட்டர் நீளமுள்ள அலைகளை மேலே அனுப்பி, 68 முதல் 98 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் வீசும் காற்றை அளக்கிறது. எலக்ட்ரான்கள் திட்டுத் திட்டாகக் கிடப்பதில் அலை பட்டு, மிகச் சிறு பங்கு எதிரொலியாகத் திரும்புவதே அதற்கு ஆதாரம். அங்கேதான் நம் விஷயம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. பகலில் எழுபது கிலோமீட்டரிலிருந்தே எதிரொலி வந்துகொண்டிருக்கும். சூரியன் சாய்ந்ததும் அடிமட்ட உயரங்களிலிருந்து எதிரொலிகள் ஒவ்வொன்றாக மங்கி, சற்று நேரத்தில் எண்பது கிலோமீட்டருக்குக் கீழே ராடாருக்குக் கண் தெரியாமல் போகிறது. காற்று அங்கே முன்போலவே வீசிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்க எலக்ட்ரான் இல்லை.

எஃப் படலத்தின் செலவைக் கண்ணால் காணவும் அங்கே வழி உண்டு. எலக்ட்ரான் ஒன்று ஆக்ஸிஜன் மூலக்கூறு அயனியோடு கூடி மறையும்போது விடுபடும் அணு, பல சமயம் 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிற ஒளியைச் சிந்துகிறது. வெறுங்கண்ணுக்கு எட்டாத மங்கலான ஒளி அது. வானம் முழுவதையும் ஒரே வட்டத்தில் அடக்கும் காமிரா, மேகமும் நிலவும் இல்லாத இரவுகளில் அதைப் படம்பிடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகும் தை, மாசி மாதங்களே அதற்கு உகந்தவை. அந்தப் படங்களில், மங்கலான ஒளிவெளியின் குறுக்கே வடக்கு தெற்காக நீண்ட கரிய பட்டைகள், வினாடிக்கு நூறு மீட்டர் அளவான வேகத்தில் கிழக்கு நோக்கி ஊர்ந்து செல்வதைக் காணலாம். நான் மேலே சொன்ன குமிழிகள் அவைதாம். மறைவதற்கு எலக்ட்ரானே இல்லாத இடத்தில் ஒளி எப்படி வரும்?

2010 ஜனவரி 15-ஆம் நாள், தை அமாவாசையன்று, பிதுர்க்கடன் செலுத்தப் பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் ஜனங்கள் திரண்டிருந்த அந்தப் பகலில், நண்பகல் தாண்டிய சற்றைக்கெல்லாம் தென்கோடித் தமிழகத்தின்மேல் கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. மார்கழி இரவொன்று வழிதவறி மத்தியானத்துக்குள் நுழைந்துவிட்டாற்போல இருந்தது அது. தும்பாவிலிருந்து ராக்கெட்டுகள் சென்றன. கிருஷ்ணாபுரத்தின் காந்தமானிகள் கவனித்துக்கொண்டிருந்தன. காந்த நடுக்கோட்டின் மேலே, நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஒரு குறுகிய பலத்த மின்தாரை உண்டு; கிரகணத்தின்போது அது தளர்ந்ததோடு எதிர்த்திசையிலும் திரும்பியதைக் கருவிகள் பதிவு செய்தன. பொதிகையின் உச்சியில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பிரௌனின் காந்தத்தைப் பகலில் தூங்கவிடாமல் செய்த அதே மின்சாரத்தின் வமிசம்தான் அது.

மார்கழியில் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து வாசலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. பனி இறங்கி, நெல்லையப்பர் கோயிலில் பள்ளியெழுச்சி ஒலிக்கும் அந்த வேளையில்தான் நம் தலைக்குமேல் எலக்ட்ரான் குளம் தரை தெரிய வற்றிக்கிடக்கும். கீழே சூரியோதயம் ஆறரை மணியளவில். ஆனால் முந்நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், வளைந்த பூமியின் விளிம்புக்கு அப்பால் ஐந்தேகால் மணிக்கே சூரியன் எட்டிப் பார்த்துவிடுகிறது. விளிம்பில் தடித்த காற்றைக் கடக்கவேண்டியிருப்பதால் அதன் புற ஊதாக் கதிர்கள் சற்றுப் பிந்தி, ஐந்தரை மணியை ஒட்டி வந்து சேர்கின்றன. வாசலில் சாணம் தெளித்து, இருட்டில் விரல் தடத்தை நம்பிப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிற பெண், கோலத்தை இழுத்து முடிப்பதற்குள் மேலே தண்ணீர் வரத் தொடங்கிவிட்டிருக்கும்.